“இவளுக்குக் கணக்கு வராதுங்க, டீச்சர்!”

“எங்க வீட்டிலே யாருக்குமே கணக்கு வராதுங்க டீச்சர். இவளுக்கு மட்டும் எங்கேயிருந்து வரும்?”

கள்ளக்குறிச்சியில் நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்த வருஷங்களில், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லாத அம்மாக்கள் குறைவு. அதையும் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொல்வார்கள்! வேடிக்கை என்னவென்றால், பால் கணக்கு, மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் காகிதம் பென்சில் இல்லாமல் மனசிலேயே வைத்திருப்பவர்களும் இவர்கள்தான். ஏலச்சீட்டில் தள்ளு போகத் தலைக்கு எவ்வளவு என்று நான் யோசிப்பதற்குள் விடை சொல்லிவிடுவார்கள். கேட்டால், “ஐயே, அது வேற டீச்சர். இது பாடமாச்சே” என்பார்கள்.

இந்த ‘அது வேற, இது வேற’யைத்தான் நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலைப் பக்கம் மேலே ஏறினால் அவள் ஊர். நோட்டில் ‘65-ல் 4 சதவீதம் காண்க’ என்று இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். ஒருநாள் பேச்சுவாக்கில், அவள் வீட்டுப் புளியை வியாபாரி எப்படி எடை போடுவார் என்று கேட்டேன். “நூறு கிலோவுக்கு நாலு கிலோ கழிப்பாங்க டீச்சர்” என்றாள். “அப்போ அறுபத்தஞ்சு கிலோவுக்கு?” என்றேன். “அம்பதுக்கு ரெண்டு கிலோ. பத்துக்கு நானூறு கிராம், அஞ்சுக்கு எரநூறு. ரெண்டு கிலோ அறநூறு போயிரும்” என்றாள், மூச்சு விடாமல்.

நான் கரும்பலகையில் அதே எண்களை எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டாளே ஒரு கேள்வி: “டீச்சர், சதவீதம்னா கழிவா?”

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க வட்டி, தள்ளுபடி, லாபம், நஷ்டம் எல்லாவற்றையும் புளியிலேயே நடத்தினேன்.

இதை ஏதோ மலைநாட்டு அதிசயம் என்று நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற ஊரில், தெருவில் காய்கறி, தேங்காய் விற்கும் சிறுவர் சிறுமியரை மூன்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 1985-ல் எழுதினார்கள். வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி. அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுதான் தேறியது! ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று மூன்று மூன்றாகக் கூட்டியது: 105, 210, 315, இன்னும் ஒன்று, 350. ‘பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் சேர்’ என்ற விதி அதற்கு வேண்டியிருக்கவே இல்லை.

நம்ம ஊரிலும் இதைப் புரிந்துகொண்ட ஓர் ஆசிரியர் இருந்தார். பி.கே. ஸ்ரீனிவாசன் (1924–2005), சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணித மேதை ராமானுஜன் எழுதிய கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து, பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களோடு சேர்ந்து 1968-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் அமையப் பாடுபட்டார். விடையை வாத்தியார் சொல்லக்கூடாது, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். காசு செலவில்லாத சாமான்களை வைத்தே பாடம் நடத்துவார். மாதக் காலண்டரை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்றால் பாருங்களேன்!

உங்கள் வீட்டிலும் மாதக் காலண்டர் ஒன்று இருக்குமே (தினசரி கிழிக்கிற காலண்டர் இதற்கு ஆகாது). ஒட்டினாற்போல் இருக்கும் நாலு தேதிகளைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். மேலே 8, 9. அவற்றுக்கு நேர் கீழே 15, 16 என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை கூட்டினால் இரண்டும் 24. பெருக்கினால் 128, 135. வித்தியாசம் 7. எந்த நாலு தேதிகளை எடுத்தாலும் அதே 7 வரும்! ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். சின்னது ‘வாரத்துக்கு ஏழு நாள்’ என்று தொட்டுக் காட்டும். ஒன்பதாம் வகுப்புப் படிப்பது இயற்கணிதம் போட்டு நிரூபித்துவிடும்.

அம்மாக்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தப்பான விடையைக் கண்டதும் ரப்பரைத் தேடாதீர்கள். “எப்படிம்மா வந்தது?” என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேட்டாலே தப்பு என்று அதற்குத் தெரிந்துபோகும்! 13-ன் வர்க்கம் 109 என்று ஒரு பையன் எழுதினான். 10-ன் வர்க்கம் 100, 3-ன் வர்க்கம் 9, கூட்டினால் 109. பாருங்கள், யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். தரையில் பதின்மூன்று வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று புள்ளி வைக்கச் சொன்னேன். நூறை ஒரு மூலையிலும் ஒன்பதை எதிர் மூலையிலும் கோடு கட்டியதும், இரண்டு பக்கமும் முப்பது முப்பது புள்ளிகள் அநாதையாக நின்றன. “அட, இதை விட்டுட்டேனே!” என்றான். மொத்தம் 169. பத்தாம் வகுப்பு முடிகிற வரை அவன் அந்தச் சூத்திரத்தை மறக்கவில்லை.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன் என்கிறீர்களா? பத்தாம் வகுப்பில் கணக்கில் 35 மார்க் எடுக்காத டவுன் பிள்ளைக்கு ட்யூஷன் உண்டு, துணைத்தேர்வு உண்டு. மலைப் பெண்ணுக்கும் சட்டப்படி எல்லாம் உண்டுதான். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு மேலே போனவளைத் திரும்ப இறக்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். வெளியூர் வேலைக்குப் போகிற அப்பா அம்மாவோடு கிளம்பிவிடுவாள். இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். புளிக் கணக்குச் சொன்ன பெண் 52 வாங்கினாள். பிரமாதமான மார்க் இல்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் சேர அது போதுமானதாக இருந்தது.

நாளைக் காலை வாசலில் கோலம் போடும்போது பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஏழு, மேலும் கீழும் 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் 25 புள்ளி. 1, 3, 5, 7 கூட்டினால் நாலு நாலு பதினாறு. மிச்சமுள்ள 1, 3, 5 கூட்டினால் மும்மூணு ஒன்பது. அப்புறம், நடுவில் ஒன்பது புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை என்று எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள். விடை 41. அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்!