யந்திரத்துக்கு ஒரு பரீட்சை

மாலை ஆறு மணிக்குத் திடீரென்று நாத்தனார் குழந்தைகளோடு வந்து இறங்கிவிட்டால், அறந்தாங்கியில் குடும்பத் தலைவி முன்பெல்லாம் என்ன செய்வாள்? பையனைக் கடைத்தெருவுக்கு விரட்டுவாள். "பரோட்டா பத்து, சால்னா தனியாக, ஒன்றில் காரம் குறைவாக" என்று பாடம் ஒப்பிக்க வைத்து அனுப்புவாள். அவனும் பாதியை மறந்துவிட்டு மீதியைச் சரியாக வாங்கி வருவான்.

அந்தப் பையனுடைய உத்தியோகத்துக்கு இப்போது புதிதாக ஒருவர் மனுப் போட்டிருக்கிறார். கைப்பேசிக்குள் உட்கார்ந்திருக்கும் செயற்கை அறிவு முகவர்தான் அவர்! வாயால் சொன்னால் போதும். உணவுக் கடைகளின் பட்டியலைப் புரட்டி, இன்ன பண்டம், இன்ன விலை என்று சொல்லிவிடுகிறார்.

ஆனால் ஒரு ரகசியம். பட்டியல் எதுவும் அவர் தலைக்குள் இல்லை. தேடுகருவி என்று ஓர் எடுபிடி அவருக்கு உண்டு. முகவர் கேட்பார்; எடுபிடி ஓடிப் போய்ச் சில வரிகளைப் பொறுக்கிக்கொண்டு வரும்; அதைப் படித்துவிட்டு அவர் உங்களிடம் பேசுவார். இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொது முறைகூட இருக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' அப்படிப்பட்டதுதான். ஆகவே பதில் தவறாக வந்தால், எடுபிடி தவறாகக் கொண்டுவந்ததா, எஜமானர் தவறாகப் படித்தாரா என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

புதுச் சமையல்காரரை அமர்த்துமுன் ஒரு ரசம் வைக்கச் சொல்லிப் பார்ப்பதில்லையா? இதற்கும் ஒரு பரீட்சை வையுங்கள். பத்துக் கேள்வி போதும். விடை மட்டும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'பரோட்டா' என்றாலும் 'புரோட்டா' என்றாலும் ஒரே விடை வருகிறதா? 'முட்டை சேராத பலகாரம்' என்று கேட்டால், 'முட்டை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முட்டை தோசையோடு வந்து நிற்கிறதா? விலை எந்தத் தேதிப் பட்டியலில் எடுத்தது? கடையில் இல்லவே இல்லாத ஒரு பண்டத்தையும் நடுவில் கேட்டு வையுங்கள். சில யந்திரங்களுக்கு 'இல்லை' என்று சொல்ல என்னவோ கூச்சம்!

மார்க்குப் போடும் முறையை அரிசி புடைக்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறுக்கி எடுத்தவற்றில் எத்தனை உண்மையில் கல்? அரிசியில் கிடந்த கல்லில் எத்தனை அகப்பட்டது? இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற ஊரில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் 1950களின் கடைசியிலும் 1960களிலும் தேடும் முறைகளை இந்த இரண்டு கேள்வியால்தான் சோதித்தார். இன்றும் அளவுகோல் அதுதான்.

இரண்டும் எப்போதும் சமமல்ல. மாலைப் பலகாரம் தேடும்போது ஒரு நல்ல வடை விட்டுப் போனால் குடி முழுகிவிடாது. ஆனால் வந்த குழந்தைகளில் ஒன்றுக்கு வேர்க்கடலையோ இறாலோ ஆகாது என்று வையுங்கள். அப்போது நாலு அரிசி வீணானாலும் ஒரு கல்கூடத் தங்கக் கூடாது!

இங்கேதான் அறந்தாங்கி போன்ற ஊர்களில் சிக்கல். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் வகுத்த விதிப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரியைப் பட்டியலில் காட்ட வேண்டும்; ஒவ்வாமை தரும் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும். யந்திரம் படிப்பதற்கு அங்கே எழுத்து இருக்கிறது. ஒற்றைப் பரோட்டாக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பலகையில் பெயரும் விலையும் இருந்தாலே பெரிய காரியம். மாவில் முட்டையோ பாலோ விட்டுப் பிசைந்தார்களா, சால்னாவுக்கு வேர்க்கடலை அரைத்து விட்டார்களா என்பதெல்லாம் மாஸ்டருக்குத்தான் வெளிச்சம். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பக்கத்தில் இருக்க, இறாலுக்குப் பஞ்சமா? இறால் பொரித்த எண்ணெயிலேயே காலிஃபிளவரும் பொரிந்தால் எந்தப் பட்டியல் அதைச் சொல்லும்?

பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கும். எடுபிடி காலி இடத்தைக் கொண்டுவரும். முகவர் அதைப் பார்த்து, 'வேர்க்கடலை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்' என்று இனிமையாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது? எழுதவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு அல்லவா!

ஆகவே பத்தாவது கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'இந்தக் கடைச் சால்னாவில் வேர்க்கடலை உண்டா?' 'பட்டியலில் அந்த விவரம் இல்லை. கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தால் முழு மார்க்கும் கொடுங்கள். உண்டு, இல்லை என்று அடித்துச் சொன்னால், மற்ற ஒன்பதிலும் அது தேறியிருந்தாலும் குழந்தை விஷயத்தில் அதை நம்பாதீர்கள். கடைக்கே போன் செய்து, "அண்ணே, சால்னாவுக்குக் கடலை அரைச்சு விடுறீங்களா?" என்று கேளுங்கள். அவர் கல்லாவிலிருந்தே திரும்பி அடுப்பங்கரைக்கு ஒரு குரல் கொடுத்துக் கேட்டுச் சொல்லிவிடுவார்.