காலனி வீட்டின் கூரைக்கு யார் பொறுப்பு?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டெல்டாவின் பல காலனிகளில் இரவில் தூக்கமில்லை. ஒழுகுவது ஒருபுறம் இருக்கட்டும். மேலே காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. எந்தத் துண்டு எப்போது பிள்ளையின் தலையில் விழுமோ என்று பாயை மூலைக்கு மூலை இழுத்துப்போட்டுப் படுக்கிறார்கள். போய்க் கேட்டால், "வீடு கட்டிக் கொடுத்தாச்சு, பட்டா உங்க பேர்ல இருக்கு, பராமரிப்பு உங்க பொறுப்பு" என்ற பதில்தான் கிடைக்கிறது.

சொந்தக்காரர்தான் வீட்டைப் பேணவேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் நம் மக்கள் சொந்தக்காரர்களானது எப்படி, அவர்கள் கையில் கிடைத்தது எப்படிப்பட்ட வீடு என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

பண்ணை நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர், பண்ணையார் முறைத்தால் மூட்டை கட்டவேண்டிய காலம் ஒன்று இருந்தது. கூலி உயர்வு கேட்டவருக்கு வேலையோடு குடியிருப்பும் போகும். 1961-இல் வந்த சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது, மனையைக் கொடுக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடியிருப்பு மனைக்கு உடைமை வழங்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று எந்த மனையில் ஒரு விவசாயத் தொழிலாளி குடியிருந்தாரோ, அது அவருக்கே சொந்தம் என்றது. மாணவர்கள் இந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். தேர்வில் கேட்கமாட்டார்கள், தாத்தா பாட்டியிடம் நீங்கள் கேளுங்கள்.

மனைக்குப் பிறகு வீடு. 1985-86-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. தொகுப்பு வீடுகள் வரிசையாக எழுந்தன. ஆனால் டெல்டாவின் களிமண் மழையில் ஊறி உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாவிட்டால் சுவர் பிளக்கும். கூரைக் கம்பியைப் போதிய கனத்தில் கான்கிரீட் மூடாவிட்டால் ஈரம் கம்பியை எட்டும். துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளும். கடலோரத்தில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும். இவையெல்லாம் கட்டும்போதே விட்ட குறைகள். ஒப்பந்தக்காரர் பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குறை மட்டும் பட்டாதாரரிடம் தங்கிவிட்டது. நாள்கூலிக்கு நாற்று நடும் பெண் அதை எந்தக் காசில் சரிசெய்வார்?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. மழைக்கு முன்பே தளத்துச் சருகைக் கூட்டி, தண்ணீர் வடியும் குழாயைத் திறந்துவிட வேண்டும். விரிசலில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். கம்பி தெரியும் இடத்தில் துருவைச் சுரண்டாமல் சிமெண்ட் பூசினால், அது அடுத்த மழையில் பெயர்ந்து விழும்.

அரசும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. பழுதுபார்க்க முடியாத 25,000 வீடுகளைப் புதிதாகக் கட்ட, வீட்டுக்கு 2.40 லட்சம் ரூபாய் என்று 2025-26 பட்ஜெட்டில் சொன்னது. இடிபாட்டை அள்ளவே ஒரு தொகை போய்விடும் என்பதைக் கணக்குப் போட்டவர்கள் நினைத்துப் பார்த்தார்களா, தெரியவில்லை.

பல வீடுகளில் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வட்டாட்சியர் அலுவலகம் வழியாகப் பெயரை மாற்றிவிடுங்கள். வீட்டுவரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அது பட்டா ஆகாது. கட்டிய ஆண்டு, திட்டத்தின் பெயர், பட்டா எண், விரிசலின் படம் ஆகியவற்றோடு கிராம சபையிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். படித்த பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லா வீட்டு மனுவையும் எழுதிவிடலாம். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.