உடலுக்கேற்ற உடை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் வழக்கு. கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஆடைகளில் ஒன்றுகூடத் தம் உடலுக்குப் பொருந்தவில்லையெனில், அந்த மற்றப் பாதிக்கு ஒருவர் எங்கே செல்வார்? பருத்த உடலுடைய பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் வினா இது.

திருமணத்திற்கு ஆடை வாங்கக் குடும்பத்தோடு கடைக்குச் செல்கிறோம். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அரைமணி நேரத்தில் ஆடை அமைந்துவிடுகிறது. நடுவில் பிறந்தவளுக்கு மட்டும் எதுவும் சேரவில்லை. "இந்த அளவில் வராதம்மா" என்கிறார் விற்பனையாளர். அருகிலிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். "கொஞ்சம் இளைத்துவிட்டு வா" என்று அத்தை வேடிக்கையாகச் சொல்கிறார். அடுத்த விசேஷத்திற்கு அவள் வருவதில்லை. தலைவலியென்று வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். பொருந்தாமற் போனது ஆடை. குற்றம் சுமத்தப்பட்டதோ உடலின்மேல்.

இந்தத் தீர்ப்பு தவறானதென்பதை ஊசியும் நூலும் கொண்டே மெய்ப்பித்த ஒரு பெண்மணியின் வரலாறு நாம் யாவரும் அறியத் தக்கது.

தோடும் தையல் இயந்திரமும்

அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின்கீழ் இருந்த லித்துவேனியாவில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் லீனா ஹிம்மல்ஸ்டீன். 1895ஆம் ஆண்டில், இளம்பெண்ணாக, அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கு வந்து சேர்ந்தார். உள்ளாடைகள் தைக்கும் தொழிற்கூடம் ஒன்றில் வேலைக்கமர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். பின்னர் பிரையன்ட் என்னும் நகை வணிகரை மணந்தார். மகன் பிறந்த சில மாதங்களிலேயே கணவர் காலமாகிவிட்டார்.

கைக்குழந்தையோடு தனித்து நின்ற அந்த இளம் விதவை, கணவர் அன்பளிப்பாகத் தந்திருந்த வைரத் தோடுகளை அடகு வைத்துத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கினார் என்பர். 1904ஆம் ஆண்டில் ஒரு சிறு கடையும் திறந்தார். வங்கிக் கணக்குத் தொடங்கிய வேளையில் அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம் மாறிவிட, 'லீனா' என்பது 'லேன்' ஆயிற்று. அப்பிழையே கடையின் பெயராகவும் நிலைத்தது. 'லேன் பிரையன்ட்' என்ற பெயரில் அமெரிக்காவில் இன்றும் ஆடைக்கடைகள் நடைபெற்று வருகின்றன.

ஒருநாள் கருவுற்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர், நாலு பேர் நடுவே உடுத்திச் செல்லத் தக்கதும் உடலை இறுக்காததுமான ஓர் ஆடை தைத்துத் தருமாறு கேட்டார். லீனா மேற்சட்டையையும், விசிறி மடிப்புகள் கொண்ட பாவாடையையும் நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு பட்டையால் இணைத்துத் தைத்தார். வயிறு வளர வளர ஆடையும் இடங்கொடுத்தது.

கருவுற்ற பெண்கள் வெளியில் நடமாடுவதே நாகரிகக் குறைவென்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே அவ்வாடைக்கான விளம்பரத்தை வெளியிடச் செய்தித்தாள்கள் மறுத்துவந்தன. 1911ஆம் ஆண்டில் 'நியூயார்க் ஹெரால்டு' என்னும் நாளிதழ் துணிந்து அதனை வெளியிட்டது. மறுநாளே கடையிலிருந்த சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்தது. கேட்க வாயின்றி வீட்டிற்குள் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அளந்து பார்த்த பொறியாளர்

1909ஆம் ஆண்டில் லீனா, ஆல்பர்ட் மால்சின் என்னும் பொறியாளரை மறுமணம் செய்துகொண்டார். கருவுற்றோருக்கு மட்டுமன்றி, இயல்பாகவே பருத்த உடலுடைய பெண்களுக்கும் தகுந்த ஆடைகள் கிடைப்பதில்லை என்பதைக் கணவனும் மனைவியும் கண்டனர். மால்சின் இதனை ஒரு பொறியாளருக்கே உரிய முறையில் அணுகினார். கடைக்கு வந்த பெண்களில் சுமார் 4,500 பேருடைய உடல் அளவுகளைக் குறித்துக்கொண்டார். அவற்றோடு, ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 2 இலட்சம் பெண்களின் விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

பருத்த உடல் என்பது ஒரே வார்ப்பு அன்று என்பதே அவர் கண்ட முடிவு. பருத்த பெண்களில் மூவகையினரை அவர் இனங்கண்டார். ஒவ்வொரு வகைக்கும் வெட்டும் முறையே வேறாக இருத்தல் வேண்டும்.

தையல் அறிந்தவர்கள் இதன் உண்மையை எளிதில் உணர்வர். மெலிந்தவருக்கென வெட்டிய சட்டையை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருக்கினால் அது பருத்தவருக்குப் பொருந்திவிடாது. உடல் பருக்கும்போது வயிறும் மேற்கையும் விரிகின்றன. தோள் எலும்போ, கையின் நீளமோ அதே விகிதத்தில் வளர்வதில்லை. எனவே அத்தகைய சட்டை கழுத்தில் அகன்று, தோளிலிருந்து சரிந்து, அக்குளில் மட்டும் இறுகும். அணிந்தவர் கண்ணாடியில் பார்த்துத் தம் உடலை நொந்துகொள்வார். நொந்துகொள்ள வேண்டியது வெட்டிய கையை அன்றோ!

1923ஆம் ஆண்டில் அவர்களுடைய விற்பனை 50 இலட்சம் டாலரை எட்டியது. அதற்குள் பெரிய அளவு ஆடைகளின் விற்பனை, கருவுற்றோருக்கான ஆடைகளின் விற்பனையையும் மிஞ்சிவிட்டிருந்தது.

எண்ணில் என்ன இருக்கிறது?

ஆயத்த ஆடைகளின் கழுத்துப் பட்டையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் கூடினால் முகம் வாடுகிறது. அவ்வெண் எங்கிருந்து வந்தது?

1939-40ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை, சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில் அளந்து பார்த்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்ட்டன் என்போர் தயாரித்த அவ்வாய்வு 1941இல் வெளிவந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே அதில் கணக்கில் கொள்ளப்பட்டன. இவ்வளவுகளைத் தழுவி 1958இல் ஆடை அளவுகளுக்கு ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டது. 1983இல் அதுவும் கைவிடப்பட்டது. அதன் பின்னர் ஆடை நிறுவனங்கள் தத்தமக்கு உகந்தவாறே எண்களை இட்டு வருகின்றன. ஒரே பெண்ணுக்கு ஒரு கடையில் ஓர் அளவும் அடுத்த கடையில் வேறோர் அளவும் பொருந்துவது இதனால்தான்.

ஆகவே அந்த எண், மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஒரு குறிப்பேயன்றி, ஒரு பெண்ணின் தகுதிக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று.

மறைக்கவா, உடுத்தவா?

பருத்தவர்களுக்கு ஆடை கிடைக்கத் தொடங்கிய பின்னரும் ஒரு குறை நீடித்தது. மெலிந்தவராகத் தோன்றச் செய்யும் என்பதே அவ்வாடைகளைப் பற்றிய விளம்பரங்கள் பலவற்றின் வாக்குறுதியாக இருந்தது. கருநிறம் உடுத்துக, நெடுங்கோடுகளைத் தேர்ந்தெடுக்க, பளிச்சென்ற வண்ணங்களை விலக்குக என்றெல்லாம் அறிவுரைகள் குவிந்தன. ஆடை கிடைத்தது, விருப்பம் கிடைக்கவில்லை.

இம்மனப்பான்மை மெல்ல மாறலாயிற்று. 1979ஆம் ஆண்டில் கேரோல் ஷா என்பவர் அமெரிக்காவில் பருத்த பெண்களுக்கென்றே ஒரு நாகரிக இதழைத் தொடங்கினார். 'பெரிய அழகிய பெண்' என்பது அதன் பெயரின் பொருள். அடுத்த ஆண்டே, இத்தாலியின் புகழ்பெற்ற மேக்ஸ் மாரா நிறுவனம், பெரிய அளவு ஆடைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது. அதற்கு, ஆடைத்தொழில் நடத்தி வந்த தம் கொள்ளுப்பாட்டியாரான மரீனா ரினால்டியின் பெயரைச் சூட்டினார் நிறுவனர். உயர்ந்த துணியும் நேர்த்தியான வெட்டும் மெலிந்தவர்களுக்கே உரியவை என்ற எண்ணத்திற்கு இவை மறுமொழியாக அமைந்தன.

நம் இல்லங்களில்

உடல் எடையைப் பற்றிக் கவலைப்படுவது தவறா என்று சிலர் வினவலாம். மிகுந்த பருமன் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்களுக்கு வழிவகுக்கக் கூடும் என்பது உண்மையே. அதற்கு மருத்துவரின் ஆலோசனை உண்டு. ஆனால் கேலி மருந்தாகாது. இகழ்ச்சிக்கு அஞ்சி நடைப்பயிற்சிக்கும் செல்லாமல், மருத்துவரிடமும் போகாமல் ஒதுங்கிவிடுவோர் உண்டு. இளைத்த பிறகு நல்ல ஆடை வாங்கலாம் என்று தள்ளிப்போடுவதும் முறையன்று. இன்றைய உடலுக்கு இன்றே நல்ல உடை வேண்டும்.

இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. புடவைக்கு அளவு எண் கிடையாது. அது உடுத்துபவருக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். நம் தெருவில் இருக்கும் தையற்காரரும் எண்ணைக் கேட்பதில்லை. அளவுநாடாவை எடுத்து நம்மையே அளக்கிறார். ஆயத்த ஆடையில் உடலின் மிகப் பெருத்த பகுதிக்கேற்ற அளவை வாங்கி, தோளையும் கையையும் அவரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது, பழைய சட்டையை அளவுக்குத் தராமல், ஒவ்வொரு முறையும் உடலையே அளக்கச் சொல்வது நலம். உட்கார்ந்தும், கையைத் தூக்கியும் பார்த்த பின்னரே ஆடையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகள் முன்னிலையில் உங்கள் உடலை நீங்களே இகழ்ந்து பேசாதீர்கள். அவள் அதைக் கற்றுக்கொள்வாள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, எதுவும் சேராமல் நின்ற அந்த நடுமகளை முதலில் அழைத்துச் செல்லுங்கள். "உனக்கு எது மறைக்கும்?" என்று கேட்காமல், "உனக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் ஆகலாம். அவளிடம் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது.