எம்ஐடியின் முதலாண்டு விசையியல் பாடநெறி (8.01)

8.01 என்பது அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) கற்பிக்கப்படும் தொடக்கநிலை மரபார்ந்த விசையியல் பாடநெறி ஆகும். அக்கழகத்தில் துறைகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. 8 என்பது இயற்பியல் துறையின் எண். உயிரியல், பொருளியல், கட்டடக்கலை என எத்துறையில் இளநிலைப் பட்டம் பெறுபவரும் விசையியலில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். இப்பாடநெறியின் வருகை, வீட்டுப்பாடம், மதிப்பீடு ஆகியவை குறித்த விதிகள், மாணவர்கள் விசையியலை எவ்வாறு கற்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையவை.

பாடப்பொருளும் நேரமும்

இயக்கவியல், நியூட்டனின் இயக்க விதிகள், வேலையும் ஆற்றலும், உந்தம், மோதல்கள், சுழற்சி, முறுக்குவிசை, கோண உந்தம் ஆகியவை முதன்மையான பாடப்பகுதிகள். நுண்கணிதத்தை முன்னரே கற்றிருக்க வேண்டும் அல்லது அதே பருவத்தில் உடன் கற்க வேண்டும்.

பாடநெறியின் அளவு 12 அலகுகள். ஓர் அலகு என்பது வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேர உழைப்பு. இதில் 5 மணி நேரம் வகுப்பிலும் 7 மணி நேரம் வகுப்புக்கு வெளியிலும் செலவிடப்பட வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதாவது, கற்றலின் பெரும்பகுதி மாணவர் தாமே கணக்குகளைச் செய்யும்போது நிகழ்கிறது.

மாணவர்களின் முன்னறிவு ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் இதே பாடம் வேறு வடிவங்களிலும் உண்டு. கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர்களுக்கு 8.012 உள்ளது. கூடுதல் அவகாசம் தேவைப்படுபவர்களுக்கான 8.01எல், இலையுதிர்ப் பருவத்தைத் தாண்டி சனவரி மாதத்திலும் தொடர்கிறது.

விரிவுரையிலிருந்து வட்ட மேசைக்கு

நீண்ட காலம் இப்பாடம் பெரிய அரங்கில் விரிவுரையாகவே நடத்தப்பட்டது. பேராசிரியர் வால்டர் லெவின் 1999ஆம் ஆண்டு ஆற்றிய 8.01 விரிவுரைகளின் காணொளிகள் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவின. எனினும், பொதுவாக முதலாண்டு இயற்பியல் விரிவுரைகளில் பருவம் முடியும் வேளையில் வருகை பாதியளவாகக் குறைவதும், தோல்வியுறுவோர் அதிகமாக இருப்பதும் துறைக்குக் கவலையளித்தன.

பேராசிரியர் ஜான் பெல்ச்சர் முன்னெடுத்த மாற்றுமுறையில் வட்ட மேசைக்கு 9 பேர், மூவர் கொண்ட குழுக்களாக அமர்கின்றனர். சிறு விளக்கம், கருத்துவினா, குழு விவாதம், சோதனை, பலகையில் கணக்கு என வகுப்பு மாறி மாறிச் செல்கிறது. முதலில் மின்காந்தவியல் பாடத்தில் கொண்டுவரப்பட்ட இம்முறை பின்னர் விசையியலுக்கும் வந்தது. வகுப்பில் செய்யும் பணிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் வருகை கட்டாயம் போலாகியது. 2003இல் மாணவர்கள் சிலர் இம்முறைக்கு எதிராக மனுவில் கையொப்பமிட்டனர். ஆயினும் முறை தொடர்ந்தது. வருகை உயர்ந்தது, தோல்வி விகிதம் குறைந்தது.

கேட்பது ஏன் போதாது

ஒரு சரக்குந்தும் சிறு மகிழுந்தும் மோதினால் எது மற்றொன்றின் மீது அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களிலும் பலர் சரக்குந்து என்றே விடையளிக்கின்றனர். இரு விசைகளும் சமம். நிறை குறைந்த மகிழுந்தின் முடுக்கம் அதிகம் என்பதால் அதன் சேதம் பெரிதாகத் தெரிகிறது.

இத்தகைய தவறான கருத்துகளை அளக்க டேவிட் ஹெஸ்டெனசும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் ஒரு பல்விடைத் தேர்வை வெளியிட்டனர். அது போன்ற தேர்வுகளின் முடிவுகளை 62 பாடநெறிகளில் இருந்து, 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் திரட்டி ரிச்சர்டு ஹேக் 1998இல் ஒப்பிட்டார். பருவத் தொடக்கத்தில் அறியாதிருந்தவற்றுள் எத்தனை பங்கைப் பின்னர் கற்றார்கள் என்பது அளவுகோல். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் இது சராசரியாக 0.23, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 0.48.

வீட்டுப்பாடமும் நகலெடுத்தலும்

கணக்குகளைப் பிறருடன் விவாதிக்கலாம், எழுதும் தீர்வு தம்முடையதாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய பாடநெறிகளின் பொது விதி. இவ்விதி மீறப்படும்போது நிகழ்வதை டேவிட் பிரிட்சர்டு உள்ளிட்ட எம்ஐடி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இணையவழி வீட்டுப்பாடத்தில் விடைகள் பதிவான விதத்தைக் கொண்டு நகலெடுத்தவற்றை அவர்கள் இனங்கண்டனர்.

பெரும்பாலான மாணவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நகலெடுத்தனர். கெடுவுக்கு முந்தைய மூன்று நாள்களில் சீராக வேலை செய்தனர். 30 விழுக்காட்டுக்கு மேல் நகலெடுத்தவர்கள் தொடக்கத்தில் வேலையைத் தொடவேயில்லை எனலாம். அதே வகைக் கணக்குகள் தேர்வில் வந்தபோது அவர்களது நிலை பருவம் முழுதும் சரிந்துகொண்டே சென்றது. பாடத்தில் தோல்வியடையும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு.

கணிதம் அல்லது இயற்பியலில் தொடக்கத் திறன் குறைந்தவர்களே நகலெடுக்கிறார்கள் என்ற எண்ணத்தை ஆய்வு ஏற்கவில்லை. திறனுக்கும் நகலெடுத்தலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. தாமதமாகத் தொடங்குவதால் ஏற்படும் நேர நெருக்கடியே உடனடிக் காரணம். வகுப்பு அமைப்பும் கற்பிக்கும் முறையும் மாற்றப்பட்டபின், நகலெடுத்தவை சுமார் 11 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தன.

தீர்வு எழுதும் முறை

விசையியல் தேர்வுகளில் இறுதி விடையைப் போலவே வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. பொருளின் மீது செயல்படும் விசைகளின் படம், தேர்ந்த ஆய அச்சுகள், பயன்படுத்திய விதி ஆகியவை எழுதப்பட வேண்டும். எண்களை இறுதியில் மட்டுமே இட வேண்டும். பின்னர் விடையைச் சரிபார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உராய்வற்ற சாய்தளத்தில் வழுக்கும் பொருளின் முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைச் சாய்கோணத்தின் சைனால் பெருக்கக் கிடைப்பது. கோணம் 0° எனில் முடுக்கம் சுழி. 90° எனில் பொருள் தடையின்றி விழுகிறது. சைனுக்குப் பதில் கோசைனை எழுதியவர் இச்சோதனையிலேயே பிழையைக் கண்டுகொள்வார்.

தரப்படுத்தல்

எம்ஐடியில் முதல் பருவத்தில் எழுத்துத் தரங்கள் வெளிச் சான்றில் இடம்பெறுவதில்லை. சி அல்லது அதற்கு மேற்பட்ட தரம் ‘தேர்ச்சி’ என்று மட்டும் பதிவாகும். அதற்குக் கீழான தரம் பதிவாகாது. புதிய சூழலுக்கு வரும் மாணவர் ஒரு தடுமாற்றத்தால் நிலையான கறையைச் சுமக்காதிருக்க இது உதவுகிறது. ஆனால் தேர்ச்சி பெறாதவர் விசையியலை மீண்டும் முடித்தே ஆக வேண்டும். மதிப்பெண் குறித்த அச்சத்தை இவ்விதி தளர்த்துகிறதே தவிர, பாடத்தைக் கற்க வேண்டிய கடமையைத் தளர்த்துவதில்லை.