தொகுப்பானைத் தொகுப்பது யார்?

கோழி முந்தியதா, முட்டை முந்தியதா என்னும் பழைய வினாவைச் சிறுவரும் அறிவர். கணினித் துறையிலும் இவ்வினா உண்டு.

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நேரே அறியாது. அதனை இயந்திர மொழியாக்கித் தருவதே கொம்பைலர் எனப்படும் தொகுப்பான். பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருத்தல் கூடும். ஒன்றைத் திருத்தியபின் அனைத்தையும் தொகுப்பது காலவிரயம். திருத்தியதைத் தொகுக்க மறந்தாலோ பழைய பிழையே நிலைக்கும். இவ்வாறு, முன்னரே திருத்திய பிழையைத் தேடி நண்பரொருவர் ஒரு காலைப்பொழுதை இழந்ததைக் கண்டே, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவட் பெல்ட்மன் 1976 இல் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். மூலக்கோப்பும் அதிலிருந்து பிறந்த கோப்பும் மாறிய நேரங்களை ஒப்பிட்டு, வேண்டியதை மட்டுமே அது தொகுப்பிக்கும்.

ஆனால் தொகுப்பானும் ஒரு மென்பொருளன்றோ? றிச்சட் ஸ்டோல்மன் 1987 இல் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பானை நோக்குவோம். 2013 இல் வந்த அதன் 4.8 ஆம் பதிப்பு முதல், அதனைக் கட்டுவதற்கே சீ பிளஸ் பிளஸ் தொகுப்பானொன்று வேண்டும். ஜி.எம்.பி., எம்.பி.எவ்.ஆர்., எம்.பி.சி. என்னும் கணித நூலகங்களும் வேண்டும். முதற்படியில், கணினியில் முன்பே உள்ள தொகுப்பான் புதியதை ஆக்கும். இரண்டாம் படியில் அப்புதியது தன்னையே ஆக்கும். மூன்றாம் படியில் அவ்விளைவு மீண்டும் தன்னை ஆக்கும். பின்னிரு படிகளின் விளைவுகள் ஒத்திராவிடின் எங்கோ பிழையுளது என்பது தெளிவு.

ஒத்திருப்பின் அச்சமில்லையா? உண்டு. 1984 இல் கென் தொம்சன் இதனை எடுத்துக்காட்டினார். தொகுப்பானுள் ஒருமுறை வஞ்சகத்தைப் புகுத்திவிட்டால், அது தன் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அவ்வஞ்சகத்தைப் பதித்துச் செல்லும். மூலநிரலை எத்துணை ஆராயினும் சுவடு தென்படாது. வங்கியும் மருத்துவமனையும் கணினியை நம்பியிருக்கும் இக்காலத்தில் இது சிறிய கவலையன்று.

இதற்கு மாற்றுத் தேடியோர் முட்டையையே சிறிதாக்க முயன்றனர். 2023 இல் கீக்ஸ் திட்டத்தினர் 357 பைற்று அளவேயான வித்தொன்றிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஜி.சி.சி. வரை ஏறிக் காட்டினர். இயங்குதளத்தின் கருவையும் வேறு சில கருவிகளையும் இன்னும் நம்பவேண்டியுள்ளது உண்மையே. ஆயினும் மனிதர் ஒருவர் அமர்ந்து வாசித்து முடிக்கக்கூடிய அளவு வித்து அது.

மென்பொருளை மூலத்திலிருந்து கட்ட விழையும் மாணவர், இன்ன தொகுப்பான், இன்ன பதிப்பு, இன்ன நூலகம் என்னும் தேவைப் பட்டியலை முதலில் வாசித்தல் நன்று. அது வெறும் சடங்கன்று. நாம் யார்மீது நம்பிக்கை வைக்கின்றோம் என்பதன் கணக்கு.