நாசிக் ஒயின் அறுவடை விழா

நாசிக் ஒயின் அறுவடை விழா என்பது மகாராட்டிர மாநிலம் நாசிக் பகுதியில், திராட்சை பறிக்கும் சனவரி முதல் மார்ச்சு வரையான மாதங்களில் ஒயின் ஆலைகள் தம் தோட்டங்களையும் கூடங்களையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கத்தைக் குறிக்கும். செருமனியின் 'திறந்த நிலவறை' விழாக்களுக்கு இந்தியாவில் மிக நெருக்கமானது இதுவே.

தமிழ்நாட்டில் மதுக்கடைகளின் பெயர்ப்பலகையில் நெடுங்காலம் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருந்ததால், ஒயின் என்றால் எல்லா மதுவும் என்று பலர் எண்ணுகின்றனர். அக்கடைகளில் விற்றவை பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும்தாம். ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துப் பெறுவது, காய்ச்சி வடிப்பதில்லை. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழச் சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கறுப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின் கிடைக்கும். முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிட்டால் வெள்ளை ஒயின்.

செருமனியில் 13 ஒயின் பகுதிகள் உள்ளன. அங்குள்ள ஆலைகள் பல, குடும்பத்தார் நடத்தும் சிறு பண்ணைகள். குறிப்பிட்ட நாள்களில் அவர்கள் நிலவறையைத் திறந்துவைக்க, மக்கள் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துடன் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சென்று சுவைத்து, விருப்பமானதை வாங்குவர். இதற்கு நெருங்கிய பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. விவசாயி தன் சொந்த ஒயினை ஆண்டுக்கு 4 மாதம் வரை, 40 இருக்கைகளுக்கு மேற்படாமல், உணவக உரிமம் இன்றியே தன் வீட்டில் விற்கலாம். கடை திறந்திருப்பதற்கு அடையாளம் வாசலில் தொங்கும் பூங்கொத்து அல்லது துடைப்பம். இடைத்தரகர் இல்லாததால், விளைவித்தவன் கைக்கே பணம் சேர்கிறது. விழாவின் உண்மையான பயன் இதுதான்.

நாசிக் நகரம் மும்பையிலிருந்து ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில், கோதாவரிக் கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நாசிக்கில் கொடி உறங்குவதில்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர். கோடையில் செய்யும் கவாத்து புதிய கிளைகளுக்காக; மழை ஓயும் வேளையில் செய்வது பழத்துக்காக. பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள பனிக்காலத்தில் காய் பழுப்பதால் சர்க்கரை ஏறியும் புளிப்பு குறையாமலும் இருக்கிறது. மார்ச்சுக்குப் பின் வெப்பம் ஏறிவிடும் என்பதால் அதற்குள் பறித்தாக வேண்டும்.

இங்கு 'நிலவறை' என்ற சொல்லைப் பார்த்துப் படிக்கட்டுகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். செருமனியின் பழைய நிலவறைகளில் பூமியின் குளிர்ச்சியே போதுமானது. நாசிக்கிலோ எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்ந்த நீர்மத்தை ஓடவிட்டே புளிப்பின் வெப்பத்தை அடக்குகின்றனர். ஓக் மரப் பீப்பாய்கள் வைத்த அறையும் குளிரூட்டப்பட்டதே. மின்செலவு அதிகம்.

ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் முதல் ஒயினை விற்றது. 2005-இல் சுவைக்கூடம் திறந்தது. 2008-இல் 'சூலாபெஸ்ட்' என்னும் இசைவிழாவைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் இவ்விழா நின்றிருந்தது. அறுவடைக் காலத்தில் வருவோர் பெரிய தொட்டியில் இறங்கிப் பழத்தைக் காலால் மிதிப்பது படம் எடுப்பதற்கு உகந்த காட்சி. விற்பனைக்கான சாறு இயந்திரங்களில்தான் பிழியப்படுகிறது. யார்க், சோமா, குரோவர் சாம்பா முதலிய ஆலைகளும் பார்வையாளரை வரவேற்கின்றன. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

இந்த வளர்ச்சிக்கு அடிப்படை மகாராட்டிர அரசின் 2001-ஆம் ஆண்டுத் திராட்சை பதப்படுத்தும் கொள்கை. ஆலைகளுக்கு ஆயத்தீர்வையில் விலக்கு கிடைத்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது. விவசாயிகள் பலர் உண்ணும் திராட்சையை விட்டு ஒயின் திராட்சைக்கு மாறினர். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தாம்சன் விதையில்லாத் திராட்சைக்கு விலை இறங்கினால் உலர்த்தித் திராட்சை வற்றலாக விற்கலாம். ஷிராஸ், செனின் பிளாங்க் போன்றவை சிறு பழங்கள். விதையும் தடித்த தோலும் உள்ளவை. சந்தைத் தட்டில் அவற்றை யாரும் தொடமாட்டார்கள். ஆலை வாங்காவிட்டால் போக்கிடம் இல்லை. 2008-இன் உலகப் பொருளாதாரச் சரிவும் அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த மும்பைத் தாக்குதலும் விற்பனையைக் குறைத்தபோது இதுவே நேர்ந்தது. தொட்டிகளில் ஒயின் தேங்கியது. பழத்துக்குப் பணம் வரவில்லை. பல விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். நட்ட கொடி பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். ஊர் மக்கள் தோட்டத்துக்கே வந்து வாங்கும் பழக்கத்தை வளர்ப்பதில் ஆலைகள் பின்னர் அக்கறை காட்டியதில் வியப்பில்லை.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு. 2022 சனவரியில் பெரிய அங்காடிகளில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, விவசாயிக்கு வருவாய் என்று அரசு காரணம் கூறியது. அண்ணா அசாரே உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். மக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே முடிவு என அரசு தள்ளிவைத்தது. இரு தரப்பும் சொன்னதில் உண்மை உண்டு. ஒயினிலும் ஆல்ககால் இருக்கிறது. அதை நம்பிப் பயிரிட்டவரும் இருக்கின்றனர்.

தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பெயர்பெற்றது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால் கம்பத்துக்கு நாசிக்கைப் போல ஒரே அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. பழம் பெரும்பாலும் உண்பதற்கே செல்கிறது. கொத்துகள் தலைக்கு மேல் தொங்கும் பந்தலடியில் நின்று, பறித்தவரிடமே நேராக வாங்கிச் செல்லும் பயணிகளை அந்தச் சாலையோரங்களில் இன்றும் காணலாம்.