ராணியே வந்தாலும் உள்ளே விடாத படம்!

1960-இல் ‘சைக்கோ’ படத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் தியேட்டருக்குள் விடமாட்டார்கள், தெரியுமா? மேனேஜரின் உடன்பிறப்பானாலும், அமெரிக்க ஜனாதிபதியானாலும், ஏன், இங்கிலாந்து ராணியே ஆனாலும், படம் தொடங்கியபின் அனுமதி இல்லை என்று வாசலில் அறிவிப்பே வைத்தார்கள்! இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் கண்டிப்பான உத்தரவு. பாதிப் படத்தில் நுழைந்து, விட்டதை அடுத்த காட்சியில் பார்த்துக்கொள்வது அன்றைய அமெரிக்கர்களின் வழக்கம். இவர் மட்டும் ஏன் முரண்டு பிடித்தார்?

எல்லாம் கதாநாயகியால்தான்! ஜானெட் லீ அன்று பெரிய நட்சத்திரம். கதையில் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் ஓடுகிறார். மாட்டுவாரா, தப்புவாரா என்று நகம் கடிக்கிறோம். 109 நிமிடப் படம் பாதிகூட முடியவில்லை, மோட்டல் குளியலறையில் ஆள் காலி! தாமதமாக வந்தவர் ‘ஜானெட் லீ எங்கே?’ என்று கடைசிவரை தேடவேண்டியதுதான். முதல் தடவை பார்க்கிறவரைத் தூக்கிவாரிப்போடுவது ரத்தம் இல்லை. ‘இனி யாரை நம்பி மீதிப் படத்தைப் பார்ப்பது?’ என்ற தவிப்புதான். (திரையில் திருடு போன அதே 40,000 டாலர்தான் இதே படத்தில் நடித்த அந்தோணி பெர்கின்ஸின் சம்பளமும்!)

அந்தக் கொலைக்காட்சி முக்கால் நிமிடம்தான். எடுத்ததோ ஒரு வாரம்! எழுபதுக்கு மேற்பட்ட கோணங்கள். ரத்தம்? சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யார் கண்டார்கள்! கத்தி பாயும் சத்தம்? முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது! இதைவிட வேடிக்கை, அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வயலின்களைக் கிறீச்சிடவைத்துப் போட்டுக்காட்டினார், இயக்குநர் கப்சிப்! படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. ஒரு மேளச்சத்தம்கூடக் கிடையாது!

பயந்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? ஜானெட் லீயேதான்! சிரப்பும் தெரியும், கேமரா நின்ற இடமும் தெரியும். நடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. முடிந்த படத்தைப் பார்த்தபிறகுதான் ஷவரில் குளிப்பதையே தவிர்த்தேன் என்று பின்னாளில் சொன்னார். உள்ளே இருந்தவருக்கே இந்தக் கதி!

விளம்பரத்திலும் ஹிட்ச்காக் ஏமாற்றினார். முன்னோட்டத்தில் ஷவர் திரையை விலக்கியதும் அலறுவது ஜானெட் லீ இல்லை; விக் வைத்த இன்னொரு நடிகை வேரா மைல்ஸ்! இத்தனை சாகசம் செய்தவருக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஐந்து முறை பரிந்துரை, ஐந்தும் வீண். ஆஸ்கருக்குத்தான் நஷ்டம்!

கொலையாளி யார் என்று இங்கே சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவரா? அதிர்ஷ்டசாலி நீங்கள்! கதைச்சுருக்கம் எதையும் தேடாமல், செல்போனை அணைத்துவிட்டு, டைட்டிலில் இருந்து பாருங்கள். பார்த்தபின் முடிவை மட்டும் யாரிடமும் உளறிவிடாதீர்கள்!